அவ்வளவு தாழ்வா பறக்கும்போது பைலட்டுக்குக் கீழ என்னதான் தெரியும்?

கெடிலக்கரை | ஞாயிறு இரவு 9.40

வணக்கம். நான் கடலூர், மஞ்சக்குப்பத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். விமானத்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், ஒரே ஒரு தடவை சென்னையிலேர்ந்து மதுரைக்குப் போனது. அதுவும் நடு சீட்டு.

இன்னிக்கு சாயங்காலம் பொண்ணைக் கூட்டிக்கிட்டு தேவனாம்பட்டினம் பீச்சுக்குப் போயிருந்தேன். நாலாவது படிக்கிறா. சுண்டல் வாங்கி ரெண்டு வாய்தான் போட்டிருப்போம், துறைமுகம் பக்கமிருந்து ஒரு விமானம் வந்துச்சு. வெள்ளை உடம்பு, இறக்கை முதுகு மேல, ரெண்டு பக்கமும் விசிறி. கரையை ஒட்டினாப்புல வடக்கே தாழங்குடா பக்கம் போச்சு. எவ்வளவு தாழ்வுன்னா, ரெண்டு தென்னமரத்தை ஒண்ணு மேல ஒண்ணு நட்டா மட்டை இடிக்கும். பீச்சுல இருந்த பிள்ளைங்க மொத்தமும் கத்திக்கிட்டே ஓடிக் கையை ஆட்டுச்சு. என் பொண்ணும்தான்.

அது போனதும் கேட்டா: "அப்பா, அந்த மாமா என்னைப் பார்த்தாரா?" பார்த்தாரும்மா-ன்னேன். "உனக்கு எப்படித் தெரியும்?" அதுக்குப் பதில் இல்ல. வீடு வந்து தூங்குற வரைக்கும் அதே கேள்விதான்.

அதான் இங்க கேக்குறேன். அவ்வளவு தாழ்வா போறப்ப ஓட்டுறவருக்குக் கீழ இருக்கிற ஆள் தெரியுமா? பயம் இருக்காதா? இணையத்துல தேடுனா வீடியோவா வருது, எல்லாம் பாட்டு போட்டு. ஓட்டினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

---

ராசாப்பேட்டை ஃபைபர் | ஞாயிறு இரவு 10.15

அண்ணே, ஓட்டினது இல்ல. ஆனா அதுக்குக் கீழ நின்னிருக்கேன், சொல்லலாம்ல?

ஒரு புயல் சமயம். அப்ப எனக்கு இருபது வயசு இருக்கும், அப்பா கூட போட்டுல. பதினஞ்சு பாகம் ஆழத் தண்ணியில வலை விட்டிருந்தோம். ரேடியோல சொன்னாங்களாம், எங்க ரேடியோவுல பேட்டரி இல்ல. காலையில வாடை கொஞ்சம் உரமா இருந்துச்சு, அவ்வளவுதான். அப்ப இதே மாதிரி வெள்ளை விமானம் ஒண்ணு வந்துச்சு. ஒரு தடவை தாண்டிப் போச்சு, சுத்தித் திரும்பி வந்துச்சு. ரெண்டாவது தடவை வந்தப்ப நான் போட்டுல குந்திட்டேன். சத்தம் நெஞ்சுல அடிக்குது. மூணாவது தடவை இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டிட்டு நேரா கரைப் பக்கம் போச்சு. அப்பாதான் சொன்னாரு, கரைக்குப் போகச் சொல்றான்டா, வலையை ஏத்துன்னு.

ஜன்னல்ல ஒரு ஆளு தெரிஞ்சாரு. காதுல பெருசா என்னமோ மாட்டியிருந்தாரு. மூஞ்சி தெரியல. நமக்கு அவரு தெரிஞ்சா அவருக்கும் நாம தெரிஞ்சிருப்போம்ல? பாப்பாகிட்ட அப்படியே சொல்லுங்க.

---

பழைய சேட்டக் | திங்கள் காலை 6.05

தம்பிங்களுக்கு வணக்கம். நான் புதுச்சேரி லாஸ்பேட்டையில இருக்கேன், வயசு 66. விமானப்படையில 24 வருஷம், முழுக்க ஹெலிகாப்டர். ஹக்கிம்பேட்டையில கத்துக்கிட்டேன். முதல்ல சேட்டக், பிறகு எம்ஐ-8. பிறந்த ஊர் உங்க ஊர்தான், திருப்பாப்புலியூர்.

நீங்க பார்த்தது டோர்னியரா இருக்கணும். கடலோரக் காவல்படைக்காரங்க சென்னையிலேர்ந்து ஓட்டுறாங்க. ராசாப்பேட்டைத் தம்பி சொன்னதும் அவங்க வேலைதான். புயல் சின்னம் உருவானாலே போட்டுங்களைத் தேடித் தேடிக் கரைக்கு அனுப்புவாங்க.

முதல்ல ஒரு திருத்தம். ரெண்டு தென்னமரம்னா 150 அடி. அவ்வளவு தாழ்வா வந்திருக்காது. கீழ நிக்கிறவங்க சொல்ற உயரத்தை ரெண்டால பெருக்கணும், அது நான் பார்த்த வரைக்கும் தப்பினதே இல்ல. 300 அடி இருந்திருக்கும். பொது விதி என்னன்னா, ஆள் அடர்த்தி இல்லாத இடத்துல 500 அடிக்குக் கீழ வரக்கூடாது. ஊருக்கு மேலன்னா அங்க இருக்கிறதுலயே உயரமான கட்டடத்துக்கு மேல 1000 அடி. ரோந்து, மீட்பு மாதிரி வேலைக்குத்தான் விலக்கு.

இப்ப என்ன தெரியும்னு சொல்றேன். எங்களுக்குக் கத்துக்கொடுத்த வாத்தியார் முதல் நாளே, மீட்டரைப் பார்க்காதே, மாட்டைப் பாருன்னாரு. ஆயிரம் அடியில மாடு ஒரு புள்ளி. ஐநூறுல அதுக்கு நாலு கால் தெரியும். இருநூறுல ஆட்டுக்கும் கால் தெரிய ஆரம்பிக்கும். நூறு அடிக்கு வந்துட்டா மாட்டுக்காரன் நம்மளைத் திட்டுறது வாயசைவுலயே தெரியும், எந்த மாநிலமா இருந்தாலும். பசு மிரண்டு ஓடும். எருமை தலையைக்கூடத் தூக்காது. வயல்ல கொக்குக் கூட்டம் இருந்தா நாமதான் விலகணும், ஏன்னா அது கடைசி நொடியில கிளம்பும், அதுவும் நம்ம பாதையில. கருவாடு காய வச்சிருக்கிற கரைக்கு மேல தாழ்வாப் போகவே மாட்டோம். பருந்தும் காக்காவும் அங்க மேகம் மாதிரி சுத்தும். ஒரு பருந்து முன் கண்ணாடியில வந்து அடிச்சா அது பறவை இல்ல, செங்கல்லு.

வேகம் இருக்கே, அதுதான் ஆளை ஏமாத்துறது. பெரிய விமானம் 35,000 அடியில மணிக்கு 850 கிலோமீட்டர் போகும், ஜன்னல் வழியா பார்த்தா நிக்கிற மாதிரி இருக்கும். சேட்டக் போறது 180 கிலோமீட்டர்தான், நம்ம ஈசிஆர்ல காரு போறதைவிட ஒண்ணரை மடங்கு, ரெண்டு மடங்கு. ஆனா நூறு அடியில அந்த 180 நரம்பை முறுக்கிடும். நொடிக்கு 50 மீட்டர். மடியில விரிச்ச மேப்பை ஒரு நொடி குனிஞ்சு பார்த்தா, 50 மீட்டர் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டின கணக்கு. அதனால நேர் கீழ பார்க்கவே கூடாது. கீழ எல்லாம் கோடு கோடா இழுத்துக்கிட்டு ஓடும், தலை சுத்தும். தூரத்துல பார்வையை வச்சுட்டா பக்கத்துல இருக்கிறது கண்ணோட ஓரத்துல தானா ஓடும். அந்த ஓட்டத்தை வச்சுத்தான் நாம எவ்வளவு தாழ்வுன்னு உடம்புக்குத் தெரியுது. மூளைக்கு அப்புறம்தான் தெரியும்.

பயம் கேட்டீங்க. தரையைப் பார்த்து எனக்குப் பயம் வந்ததில்ல. தரை இருந்தா கண்ணுக்குப் பிடிமானம் இருக்கு. கடல்தான். அதுவும் கொந்தளிக்கிற கடல் இல்ல, அது நல்ல கடல், அலை நுரையை வச்சு உயரம் சொல்லிடலாம். தை மாசக் காலையில ஒரு கடல் இருக்கும் பாருங்க, எண்ணெய் ஊத்தின மாதிரி. மேல லேசா பனிமூட்டம். வானமும் தண்ணியும் ஒரே சாம்பல். எங்க முடியுது எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாது. அப்படி ஒரு நாள் எம்ஐ-8-ல போய்க்கிட்டிருந்தேன். நூறு அடியில இருக்கேன்னு சத்தியம் பண்ணியிருப்பேன். ரேடியோ அலையைக் கீழ அனுப்பி உயரம் அளக்கிற ரேடியோ ஆல்டிமீட்டர் எச்சரிக்கை அடிச்சுது, பார்த்தா ஐம்பத்தஞ்சு. இறங்கினதே தெரியல. கூட இருந்த ரெண்டு பேருக்கும் தெரியல. அன்னிக்கு ஒரே ஒரு கட்டுமரம் தூரத்துல இருந்திருந்தாக்கூட கண்ணு சரியாயிருக்கும்.

இந்தத் தொல்லை பழசு. 1943 மே மாசம் பிரிட்டிஷ்காரங்க ஜெர்மனியில அணைகளை உடைக்கப் போனாங்க. ராத்திரி, லங்காஸ்டர் விமானம், தண்ணிக்கு மேல சரியா 60 அடியில போயாகணும். சாதாரண மீட்டர் அதுக்கு லாயக்கில்ல. என்ன பண்ணாங்கன்னா, விமானத்துக்கு அடியில ரெண்டு விளக்கைச் சாய்ச்சு மாட்டினாங்க. ரெண்டு வெளிச்சமும் தண்ணி மேல ஒண்ணா சேர்ந்தா 60 அடி. பிரிஞ்சிருந்தா ஏறு, இறங்கு. அவ்வளவுதான் தொழில்நுட்பம். கேட்டப்ப எனக்கு நம்ம ஊரு கொத்தனார் ரசமட்டம் ஞாபகம் வந்துச்சு.

சாதாரண மீட்டர் ஏன் லாயக்கில்லைன்னா, அது உயரத்தை அளக்கிறதே இல்ல. காத்தழுத்தத்தை அளந்து உயரம்னு சொல்லுது. அழுத்தம் ஒரு மில்லிபார் குறைஞ்சா ஏறக்குறைய 30 அடி வித்தியாசம். நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகையில தாழ்வு மண்டலம் வந்து நிக்குது. காலையில மீட்டரை 1008 மில்லிபார்னு வச்சுக் கிளம்புறோம். மத்தியானம் அதோட நடுவுக்குக் கிட்ட போனா 1002. மீட்டர் 300 அடின்னு காட்டும், நிஜத்துல நாம 130-லயோ 140-லயோ இருப்போம். வெள்ள நிவாரணத்துக்குப் போற நாள்தான் இப்படி இருக்கும், வேற எந்த நாள் நம்மளைக் கூப்பிடப் போறாங்க.

பாப்பா கேள்விக்குப் பதில் எழுதணும்னு உட்கார்ந்து வேற எங்கேயோ போயிட்டேன். பேரன் ஆன்லைன் கிளாசுக்குக் கம்ப்யூட்டர் கேக்குறான். மிச்சம் பிறகு.

---

வேகத்தடை | திங்கள் காலை 11.20

எல்லாம் சரி. ஆனா பாதிப் பேரு ஹீரோயிசத்துக்குத்தான் தாழ்வா பறக்குறாங்க. என் சித்தப்பா பையன் விமானப்படையில இருந்தான். ஊருக்கு மேல ஒரு ரவுண்டு அடிச்சுட்டுப் போவாங்களாம், வீட்டுல எல்லாரும் மொட்டை மாடிக்கு வந்து பார்ப்பாங்களாம். பெட்ரோல் நம்ம வரிப்பணம். பெரியவர் இதை ஒத்துக்குவாரான்னு தெரியல.

---

பழைய சேட்டக் | திங்கள் மாலை 4.30

ஒத்துக்கிறேன் தம்பி. ஊரு, காதலி வீடு, படிச்ச பள்ளிக்கூடம், இதுக்கு மேல தாழ்வாப் போய் செத்தவங்க எல்லா நாட்டுப் படையிலயும் உண்டு. நான் வேணும்னு பண்ணினதில்ல. வேணும்னு பண்ணாம பண்ணினேன். இதை என் வீட்டம்மாவுக்கே ரிட்டயர் ஆன பிறகுதான் சொன்னேன்.

தொண்ணூறுகள்ல ஒரு கார்த்திகை. பெண்ணையாறு நிரம்பி நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு பக்கமெல்லாம் தண்ணி. ஜனங்க மாடியிலயும் மேட்டுலயும் இருக்காங்கன்னு சொல்லி எங்களை அனுப்பினாங்க. சேட்டக். நெய்வேலியில எண்ணெய் நிரப்பி, புளிச்சோத்துப் பொட்டலமும் ரொட்டியும் ஏத்திக்கிட்டுக் கிளம்பினோம். மேகம் 300 அடியிலயே தொங்குது, அதனால நாங்க 120, 130. கோ-பைலட் ஒரு பஞ்சாப் பையன், கல்யாணம் ஆகி ரெண்டு மாசம். பின்னால பொட்டலம் போட ஒரு கன்னர், மராட்டியர், என்னைவிட அனுபவம் உள்ளவர்.

கோ-பைலட் மேப்பை விரிச்சான். மடிச்சு வைடான்னேன். எனக்கெதுக்கு மேப்பு? இடது பக்கம் தூரத்துல நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைப் புகைபோக்கி. கெடிலத்தைப் பிடிச்சா அப்படியே கிழக்க. கொஞ்ச நேரத்துல பாடலீஸ்வரர் கோயில் கோபுரம் மழைக்குள்ளேர்ந்து வரும். வந்துச்சு. இந்த மண்ணுல சைக்கிள்ல சுத்தினவன் நான், மேலேர்ந்து பார்த்தா எல்லாம் பொம்மை மாதிரி கச்சிதமா இருக்கு.

சேட்டக்ல பைலட் வலது பக்கம். திருப்பாப்புலியூரும் ஆத்துக்கு வலது பக்கம். அங்க எங்க அத்தை வீடு. ஓட்டு வீடு, கொல்லையில ஒரு கொடுக்காப்புளி மரம். தண்ணி ஏறியிருக்கான்னு ஒரு பார்வை, அவ்வளவுதான், ஆத்துலேர்ந்து விலகக்கூட இல்ல. மரத்தைக் கண்டுபிடிச்சுட்டேன். ஓடு தேடிக்கிட்டிருக்கேன். பின்னால கன்னர் கத்தினார்: "சார், தார்! தார்!"

இந்தியில தார்னா கம்பி. அந்த வார்த்தையைப் பதிமூணு வருஷமா கேக்குறேன், கேட்டதும் கை தானா இழுக்கும். ஆனா அன்னிக்கு, அந்த நிமிஷம், என் மூளை தமிழ்ல இருந்துச்சு. தார்னா எனக்கு ரோடு. ரோட்டுல என்னய்யா இருக்குன்னு கீழ பார்த்தேன்.

அரை நொடி இருக்கும். அந்த அரை நொடியில கோ-பைலட் என்னைக் கேக்காம கலெக்டிவை, அதான் ஹெலிகாப்டரை மேல ஏத்துற பிடியை, இழுத்துட்டான். வயிறு சீட்டோட போச்சு. மூணு கம்பி, ஆத்துக்குக் குறுக்க இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்கு, சக்கரத்துக்குக் கீழ போச்சு. அலுமினியக் கம்பி ஈயத்து நிறம், அன்னிக்கு மழைவானமும் அதே நிறம். எவ்வளவு இடைவெளின்னு பிறகு கன்னரைக் கேட்டேன். ரெண்டு கையை விரிச்சுக் காட்டினார். மீன் பிடிச்சவன் காட்டுற மாதிரி இல்ல, சின்னதா.

பொட்டலம் போட்டுட்டுத்தான் திரும்பினோம். அதுக்கப்புறம் அந்தப் பையன்தான் ஓட்டினான், நான் மேப்பைப் பிடிச்சிருந்தேன். தளத்துக்கு வந்து நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். ரெண்டு வாரம் பறக்க விடாம தரையில உட்கார வச்சாங்க. அத்தை வீட்டுல தண்ணி ஏறல. அது பிறகு லெட்டர்ல தெரிஞ்சுது.

ஆகவே வரிப்பணம்னு நீங்க சொன்னதுல எனக்குக் கோபமில்ல. ஆனா ஹீரோயிசம்னு சொல்றது சரியான பேரு இல்ல. எனக்கு அன்னிக்கு இருந்தது அசட்டை. தெரியாத ஊருன்னா கண்ணு கம்பியைத் தேடிக்கிட்டே இருந்திருக்கும்.

கம்பி விஷயம் இன்னும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா தாழ்வாப் பறக்கிற பல பேரைக் கொன்னது அதுதான். கம்பியைத் தேடினா கம்பி தெரியாது. பின்னால வானம் இருந்தா தெரியாது, காடு இருந்தா தெரியவே தெரியாது. நூறு மீட்டர்ல தெரிஞ்சாலும் நமக்கு இருக்கிறது ரெண்டு நொடி. அதனால கம்பத்தைத் தேடணும். ஒரு கம்பம் தெரிஞ்சா அதோட ஜோடி எங்கன்னு பார்க்கணும். கம்பத்துல கம்பியைத் தாங்குற பீங்கான் எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு பார்த்தா கம்பி எந்தத் திசையில போகுதுன்னு தெரியும். தாண்டும்போது கம்பத்து உச்சிக்கு மேலேயே தாண்டணும். நடுவுல தொங்குதே, அங்க இடம் நிறைய இருக்கேன்னு போகக்கூடாது. கம்பத்துக்கு மேலன்னா அதுக்கு மேல ஒண்ணும் இருக்காதுன்னு உறுதி. ஆத்தோரம், கால்வாயோரம் போறவனுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி, கம்பம் ரெண்டும் கரையில மரத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கும். இப்ப சில ஹெலிகாப்டர்ல மூக்குக்கு மேலயும் கீழயும் கத்தி மாதிரி ஒண்ணு வச்சிருக்காங்க, கம்பி சிக்கினா வெட்டிவிட. சேட்டக்ல எங்ககிட்ட அது இல்ல.

---

முந்திரிக்கொல்லை | திங்கள் இரவு 8.50

ஐயா, படிச்சுட்டு உடம்பு சிலிர்த்துப் போச்சு. நான் பண்ருட்டி. என்னைப் பைலட்டுன்னு சொன்னா நீங்க சிரிப்பீங்க, ஆனா என் கையில இருக்கிற சான்றிதழ்ல அப்படித்தான் போட்டிருக்கு. மருந்தடிக்கிற டிரோன். பத்து லிட்டர் டேங்க். நெல்லு, கரும்பு, இப்ப முந்திரிக்கும் கூப்பிடுறாங்க.

எங்க உயரம் உங்களுக்குத் தமாஷா இருக்கும்: பயிருக்கு மேல ரெண்டு, மூணு மீட்டர். அதுக்கு மேல போனா மருந்து பக்கத்துக் கொல்லைக்குப் போயிடும், அன்னிக்கு மருந்தடிச்ச காசைவிட பஞ்சாயத்துச் செலவு ஜாஸ்தி. அந்த உயரத்துல விசிறிக் காத்து பயிரைப் பிளந்து இலைக்கு அடியிலயும் மருந்தைக் கொண்டு போகும். ரொம்பத் தாழ்ந்தாலும் தப்பு, பயிரு படுத்துடும். முந்திரி மரம் ஒண்ணு நாலு மீட்டர், பக்கத்துல ஒண்ணு ஏழு மீட்டர், அதுல தரையைப் பார்த்து உயரம் பிடிக்கிற ராடாரே குழம்பும். கையாலதான் ஓட்டணும்.

கம்பின்னு சொன்னீங்களே. போன வருஷம் ஒரு கரும்புக் கொல்லை. முந்தின நாளே நடந்து பார்த்தேன், எல்லாம் குறிச்சேன். மோட்டார் கொட்டகைக்குப் போற சர்வீஸ் ஒயரு, அதுவும் குறிச்சேன். மறுநாள் விடிகாலை போறதுக்குள்ள அந்தக் கொல்லைக்காரர் பக்கத்துக் கொட்டகைக்கு லைட்டு போட இன்னொரு ஒயரு இழுத்திருக்காரு, ரெண்டு மூங்கிலைக் கட்டி. ராத்திரியோட ராத்திரியா. விசிறியில சுத்திக்கிச்சு. டிரோன் கரும்புக்குள்ள விழுந்துச்சு, ஒரு கை உடைஞ்சு. அவர் என்னைத்தான் திட்டினாரு, லைட்டு போச்சாம். உங்க மாதிரி உசிரு போற விஷயம் இல்ல, ஆனா அன்னிக்கு மேல இருந்தது நானா இருந்தா-ன்னு நினைச்சுப் பார்த்தேன். இப்பல்லாம் மெஷினை எடுக்கிறதுக்கு முந்தி அன்னன்னிக்குக் காலையில திரும்ப ஒரு சுத்து நடந்துடுறேன்.

---

வலது சீட்டு | செவ்வாய் மதியம் 1.10

முத்தியால்பேட்டைப் பையன். ஏடிஆர்ங்கிற விசிறி வச்ச பயணிகள் விமானத்துல ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை பைலட். சார் எழுதினதுக்குக் கீழ எழுதவே கூச்சமா இருக்கு. நாங்கள்லாம் தாழ்வா பறக்கிறதே தினம் சில நொடிதான், இறங்கும்போது.

ஆனா அந்தச் சில நொடி பத்தி ஒண்ணு சொல்லணும், கெடிலக்கரை அண்ணனுக்காக. ஓடுபாதை தொடங்குற இடத்தை 50 அடியில தாண்டுவோம். ரேடியோ ஆல்டிமீட்டர் உயரத்தை எண்ணிச் சொல்லும், இயந்திரக் குரல்ல. அப்ப நிமிஷத்துக்கு 550 அடி மாதிரி இறங்கிக்கிட்டிருப்போம், அப்படியே விட்டா அஞ்சாறு நொடியில தரை. சரியான நேரத்துல மூக்கைக் கொஞ்சம் தூக்கணும். சீக்கிரம் தூக்கினா விமானம் இறங்க மாட்டேன்னு மிதக்கும். அதுக்குப் பேரு கிரவுண்ட் எஃபெக்ட். இறக்கை நுனியில சுழல் ஒண்ணு உருவாகி பின்னுக்கு இழுக்கும், தரை கிட்ட வந்தா அந்தச் சுழல் முழுசா விரிய இடமில்ல, இழுவை குறைஞ்சுடுது. ஒரு இறக்கை நுனியிலேர்ந்து மறு நுனி வரைக்கும் உள்ள நீளத்துல கால்வாசி உயரத்துக்கு விமானம் வந்தா அந்த இழுவையில கால்வாசிக்குக் கிட்ட போயிடும். பத்துல ஒரு பங்குக்கு வந்தா பாதி போயிடும். கூழைக்கடா அலையை ஒட்டி இறக்கையே அடிக்காம போகுதே, அதுக்கும் இதுதான் துணை. ஏடிஆருக்கு இறக்கை முதுகு மேல இருக்கிறதால அவ்வளவு கிட்ட வராது, அதனால ரொம்ப மிதக்காது. கொஞ்சம் மிதக்கும்.

சென்னையில ஓடுபாதை 3600 மீட்டருக்கு மேல, மிதந்தா யாரும் கவலைப்பட மாட்டாங்க. லாஸ்பேட்டையில 1500 மீட்டர்தான். அங்க பயணிங்க "என்னப்பா இப்படிப் போட்டான்"னு முணுமுணுக்கிற மாதிரி இறங்கினா, அது தெரிஞ்சே இறங்கினது. எங்க அம்மாவே கேட்டாங்க, மெதுவா வைக்கத் தெரியாதாடான்னு.

சார், உங்க வீடு எந்தத் தெருன்னு கேக்க மாட்டேன். ஆனா நாங்க இறங்கும்போது நீங்க மாடியில நின்னு மார்க்கு போடுறீங்கன்னு இனிமே நினைச்சுக்குவேன்.

---

பழைய சேட்டக் | செவ்வாய் மாலை 6.20

போடத்தான் போடுறேன் தம்பி. போன வாரம் ஒண்ணு நல்லா இருந்துச்சு, எதிர்க்காத்து இருந்த அன்னிக்கு. நீங்களான்னு தெரியல.

கெடிலக்கரைத் தம்பி, பாப்பாவுக்குப் பதில். முகம் தெரிஞ்சிருக்காது. 300 அடி உயரத்துல, நொடிக்கு 60, 70 மீட்டர் போற விமானத்துலேர்ந்து மூக்கு, கண்ணெல்லாம் தெரியாது. ஆனா கூட்டத்துல ஒருத்தர் அண்ணாந்து பார்த்தா அது தெரியும். தலை கறுப்பா இருக்கும், அண்ணாந்தா வெளிறின புள்ளி ஒண்ணு திடீர்னு முளைக்கும். பீச்சு முழுக்க அப்படி புள்ளி புள்ளியா முளைச்சிருக்கும், அவங்க வர வர. அசையாம நிக்கிற ஆளைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். அசையுற கை உடனே கண்ணுல படும். வெள்ளத்துல மாடியில நிக்கிற ஜனங்களைத் தேடும்போது நாங்க பார்க்கிறதே அதைத்தான். சேலையைச் சுத்துவாங்க. சிவப்பு, மஞ்சள் ரெண்டும் நல்லாத் தெரியும். பச்சை பிரயோஜனமில்ல, மரத்தோட சேர்ந்துடும்.

பாப்பா என்ன நிறம் போட்டிருந்தா?

---

கெடிலக்கரை | செவ்வாய் இரவு 9.05

ஐயா, மஞ்சள். பள்ளிக்கூடத்துல விளையாட்டுக்குக் கொடுத்த பனியன். படிச்சுக் காட்டினேன். கம்பி கதையை மட்டும் விட்டுட்டேன், பெரியவளானதும் சொல்லிக்கலாம்.

அவ இப்ப ஞாயித்துக்கிழமை திரும்பப் போகணும்ங்கிறா. மஞ்சள் பனியன், கையில அவங்கம்மாவோட சிவப்புத் துண்டு, அதுபோக பெருசா ஒரு பட்டம் செஞ்சு தரச் சொல்றா, இன்னும் நல்லாத் தெரியுமாம். வால்ல அவ பேரு எழுதணுமாம்.

---

பழைய சேட்டக் | செவ்வாய் இரவு 9.20

துண்டு போதும். பட்டம் மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க, அது நூல்ல பறக்குது. அந்த நூலும் எங்களுக்குக் கம்பிதான்.